பாடப் புத்தகத்தை மூடிவிட்டுத் திற்பரப்புக்கு!

அருவி என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் ‘அருவிக்குப் போகலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்த ஞாயிற்றுக்கிழமை?’ என்றுதான் பதில் வரும். அவர் மனத்தில் உடனே எழுவது திற்பரப்பு. ‘குமரிக் குற்றாலம்’ என்று மாவட்டத்து மக்கள் செல்லமாக அழைக்கும் அந்த அருவிதான், இங்குள்ள இளைஞர்களுக்குக் குளிக்கும் துறை. கூடிப் பேசும் மைதானம். பரீட்சைக் கவலையை மறக்க வைக்கும் மருந்து.

இந்தச் சிறிய மாவட்டத்தில் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893 முதல் அந்தப் பெயரோடு விளங்கி வருகிறது. அதே நகரில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இலும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1965இலும் தோன்றின. மார்த்தாண்டத்தில் 1964இல் தொடங்கிய கல்லூரி, இன்று மார்ஷல் நேசமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி தமிழகத்தோடு இணைந்ததே, அதற்காகப் பாடுபட்ட தலைவர்களில் முதன்மையானவர் அவர். திற்பரப்புக்கு மிக அருகில் உள்ள குலசேகரத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த ஊர்களில் எதிலிருந்து காலையில் பேருந்து ஏறினாலும், குளித்து, உண்டு, களித்து, மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். இப்படி ஓர் இடம் எல்லாக் கல்லூரி ஊர்களுக்கும் வாய்த்துவிடுமா?

ஆனால், குளித்துவிட்டுத் தலை துவட்டியதும் ஊர் திரும்புகிறவர்கள் திற்பரப்பில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இந்த ஆற்றங்கரை வட்டாரத்தில் படிப்பும் பக்தியும், விளையாட்டும் வேளாண்மையும் பல நூற்றாண்டுகளாகக் கூடி வாழ்ந்து வருகின்றன. ஒன்றை மற்றொன்று கெடுக்காமல் வாழ்ந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டிருந்ததுதான். அந்தக் கட்டுப்பாடு இன்றைக்கும் தேவைப்படுகிறது.

பாறையே படுகை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து இறங்கி வரும் கோதையாறு, பேச்சிப்பாறை அணையில் தங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரத்தில் திற்பரப்பு. இங்கே ஆற்றின் அடித்தளம் மணலும் அல்ல, சேறும் அல்ல. முழுக்க முழுக்க ஒரே பாறை. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தூரம் வரை அந்தப் பாறை விரிந்து கிடக்கிறது. பரப்பு என்றால் விரிவு. ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

பாறை முடிகிற இடத்தில் ஆறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து கீழே விழுகிறது. அகலம் ஏறத்தாழ 300 அடி. அகலமான பாறை முகப்பில் தண்ணீர் பல பிரிவுகளாகப் பிரிந்து இறங்குவதால், ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பலசாலிகள் பெரும் தாரைக்கு அடியில் போய்த் தோளைக் காட்டி நிற்பார்கள். வயதானவர்கள் ஓரத்தில் மெல்லிய தாரையைத் தேடிக்கொள்வார்கள். சிறுவர்களுக்குத் தனியாக ஒரு நீச்சல் குளம் உண்டு.

அருவிக்கு மேலே பாறைப் பரப்பின் தலைமாட்டில் ஒரு தடுப்பணை இருக்கிறது. நெல் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதற்காகக் கட்டப்பட்டது அது. தடுப்பணைக்குப் பின்னால் ஆறு அசையாத கண்ணாடிபோல் தேங்கி நிற்கிறது. கீழே அத்தனை இரைச்சல். மேலே இத்தனை அமைதி! அந்த அமைதியான நீரில் இப்போது உல்லாசப் படகுகள் செல்கின்றன. படகில் உட்கார்ந்தால் இரு கரையிலும் தென்னையும் ரப்பர் மரங்களும் பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் கூடவே வரும்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகளுக்கு இல்லாத ஒரு பாக்கியம் குமரி மாவட்டத்துக்கு உண்டு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் பெய்வதால் ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் அருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது. உழவர்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவிப்பதும் இந்தத் தண்ணீரின் தயவில்தான்.

விடுமுறைக் கோலாகலம்

விடுமுறை நாளில் அருவிக்கரையில் ஒரு நாழிகை நின்றால் மாவட்டத்தின் இளமை முழுவதையும் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் மாணவர் கூட்டம். இன்னொரு பக்கம் பெண்களுக்கென ஒதுக்கிய இடத்தில் மாணவியரும் தாய்மாரும். நாகர்கோவில் பேச்சும், கரையோரப் பேச்சும், மலையாளம் கலந்த மேற்குப் பகுதிப் பேச்சும் ஒன்றோடொன்று மோதி, அருவியின் இரைச்சலில் கரைந்து போகின்றன.

‘மக்கா, இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம்டே!’ என்பான் ஒருவன். ‘போதும்லே, வழுக்கும்!’ என்பான் மற்றவன். இந்த இரண்டாவது குரலுக்குத்தான் திற்பரப்பில் அதிக மதிப்பு இருக்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் பார்க்கலாம்.

குளித்து எழுந்தவுடன் பசி வயிற்றைக் கிள்ளும். அதற்கும் இந்த மண்ணில் பஞ்சமில்லை. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சேர்ந்தால் குமரி இளைஞனுக்கு வேறு விருந்து வேண்டாம். ஏத்தங்காயைச் சீவி எண்ணெயில் போட்டு எடுக்கும் வற்றலின் மணம் கடைவீதியில் நடப்பவர்களைக் கட்டி இழுக்கும். அன்னாசிப்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் என்று பழக்கடைகள். இவற்றில் ‘மட்டி’ என்ற சிறிய வாழைப்பழம் இந்த மாவட்டத்துக்கே உரியது. அதன் மணத்துக்கும் இனிப்புக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கரையில் ஒரு கோட்டைக் கோயில்

அருவிக்கும் தடுப்பணைக்கும் நடுவே, ஆற்றின் இடக்கரையில், உறுதியான மதில் சூழ்ந்து நிற்கிறது மகாதேவர் கோயில். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு கோட்டையாகவே தோன்றும். மேற்கு நோக்கிய சன்னதி. உள்ளே எழுந்தருளியிருப்பவர் வீரபத்திர வடிவில் உள்ள சிவபெருமான். தக்கனின் வேள்வியை அழித்த பிறகு, அந்தச் சினம் தணிவதற்காக வீரபத்திரர் இந்த ஆற்றங்கரையைத் தேடி வந்து அமர்ந்தார் என்பது ஐதிகம். கோபம் கொண்டவர் தணிவதற்குக் குளிர்ந்த அருவிக்கரையைவிட நல்ல இடம் எது?

கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் பரவிக் கிடக்கும் பன்னிரண்டு சிவாலயங்களில் இது மூன்றாவது. இந்தப் பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஓடித் தரிசிக்கும் ஒரு வழக்கம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. சிவாலய ஓட்டம் என்பது அதன் பெயர்.

நூறு கிலோமீட்டர் ஓட்டம்

மாசி மாதத்து மகா சிவராத்திரிக்கு முதல் நாள். முஞ்சிறை அருகே உள்ள திருமலை மகாதேவர் கோயிலில் மாலையில் காவி உடுத்த ஆண்கள் கூடுகிறார்கள். கையில் பனையோலை விசிறி. இடுப்பில் திருநீறும் சில்லறையும் வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை. காலில் செருப்பு கிடையாது. பல நாள் விரதம் இருந்து வந்தவர்கள். ‘கோவிந்தா! கோபாலா!’ என்று குரல் எழுப்பியபடி புறப்படுகிறார்கள். அதனாலேயே ஊர்மக்கள் இவர்களைக் ‘கோவிந்தன்மார்’ என்று அழைக்கிறார்கள்.

திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். மொத்தம் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர உடையோடு சாமிக்கு விசிறி வீசி, வணங்கி, அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். இரவு முழுவதும் ஓட்டம்; மறுநாளும் ஓட்டம். சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் நிறைவு. திற்பரப்பில் இவர்களுக்குக் கோதையாறே தீர்த்தம். ஆயிரக்கணக்கானவர்கள் நள்ளிரவில் அந்த ஆற்றில் மூழ்கி எழுந்து ஓடும் காட்சி, கண்டவர் மனத்தைவிட்டு அகலாது.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரை ஏன் கூவுகிறார்கள்? அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். தருமர் செய்த வேள்விக்குப் புருஷாமிருகத்தின் பால் தேவைப்பட்டது. பாதி மனிதனும் பாதி மிருகமுமான அது தீவிர சிவபக்தன். திருமாலின் பெயரைக் கேட்டாலே சீறிப் பாயும். கண்ணன் பன்னிரண்டு உருத்திராட்சங்களைக் கொடுத்துப் பீமனை அனுப்பினான். பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவ, புருஷாமிருகம் துரத்த, பீமன் ஓட்டம் பிடித்தான். அது நெருங்கும்போதெல்லாம் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது சிவலிங்கமாக மாற, மிருகம் நின்று பூசை செய்யும். அதற்குள் பீமன் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிடுவான். பன்னிரண்டாவது உருத்திராட்சம் விழுந்த இடத்தில் பீமன் பிடிபட்டான். ஒரு கால் தன் எல்லையில். மறு கால் மிருகத்தின் எல்லையில். வழக்கு தருமரிடம் போனது. தம்பி என்று பாராமல், ‘உடம்பில் பாதி மிருகத்துக்கே’ என்று தீர்ப்பளித்தார் அவர். அப்போது கண்ணன் தோன்றி, சிவனும் திருமாலும் ஒன்றே என்று காட்டினானாம். ஓட்டம் முடிகிற திருநட்டாலத்தில் சங்கர நாராயணர் எழுந்தருளியிருப்பது இதனால்தான் என்பார்கள்.

வழியெங்கும் ஊர்மக்கள் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சிவராத்திரிக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. மற்ற நாளில் அருவிக்குக் களிக்க வரும் மாணவர்களில் பலர் அன்றைக்குக் காவி கட்டி ஓடுகிறவர்களாக மாறிவிடுவதைக் காணலாம். உடலுக்குப் பயிற்சி, உள்ளத்துக்கு உறுதி, ஊருக்கு ஒற்றுமை. எந்த விளையாட்டு மைதானம் இந்த மூன்றையும் ஒரே நாளில் தரும்? நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்த பேராசிரியர் அ.கா. பெருமாள் இந்த ஓட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஆய் மன்னனின் கல்லூரி

ஓட்டம் தொடங்குகிற முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்று ஓர் ஊர். இந்த மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, அங்கே திருமாலுக்கு ஒரு கோயில் எழுப்பினான். கூடவே ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் அந்தக் காலத்துக் கல்லூரி. புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்தது அது.

அந்தச் சாலையில் 95 மாணவர்களுக்கு இடம் இருந்தது என்று செப்பேடு கூறுகிறது. வேதத்தின் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் என்றும் கணக்கு உண்டு. சேர்கிறவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாட்டு வழக்குகளையும் நடத்தக்கூடிய தகுதி வேண்டும். மாணவர் நடத்தைக்கும் விதிகள் எழுதியிருக்கிறார்கள். வாய்ச்சண்டைக்கும் அடிதடிக்கும் தண்டம். கூட்டத்துக்குப் படைக்கலத்தோடு வரக்கூடாது. சாலைக்குள் சூதாடக் கூடாது. விடுதி வாசலில் இன்று ஒட்டப்படும் விதிகளைப் படித்து அலுத்துக்கொள்கிற மாணவர்கள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தங்கள் அண்ணன்மாருக்கும் அதே கதிதான் என்று ஆறுதல் அடையலாம்!

வேதம் படிப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சாலை திறந்திருந்தது. இன்றைய கல்லூரிகளின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ரப்பர் பால் வடிப்பவரின் மகளும் மீனவரின் மகனும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஒரே அருவியில் குளிக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் நாடு அடைந்த பெரிய முன்னேற்றம் இது.

ஒரு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

காலையில் அருவிக் குளியலை முடித்துக்கொண்டால், சுற்றுப்புறத்தில் பார்க்க ஏராளம் உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில் திருநந்திக்கரை. அங்கே பாறையைக் குடைந்து அமைத்த குகைக் கோயிலும், காலத்தால் மங்கிய பழைய ஓவியங்களும் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசனின் கல்வெட்டும் இங்கே உண்டு. தன் பிறந்த நாளான ஐப்பசிச் சதயத்தில் விழா எடுப்பதற்கு முட்டம் என்ற ஊரையே அந்தச் சோழ மன்னன் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் வருகிறது.

இன்னொரு திசையில் சிதறால் மலை. சமண முனிவர்கள் தங்கியிருந்த அந்தக் குன்றில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே ஏறி நின்றால் பச்சைக் கடல் ஒன்று காலடியில் விரியும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் தூரமில்லை. கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த அந்தத் தலத்தில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. அங்கே திருவிழாவில் கதகளி ஆடும் மரபு உண்டு. இந்த வட்டாரத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஜெயமோகனின் கதைகளில் இங்குள்ள ஆறும் மழையும் காடும் அடிக்கடி தலைகாட்டுவதில் வியப்பில்லை.

மாலையில் மாத்தூர்த் தொட்டிப்பாலம். 1966இல் கட்டப்பட்ட இந்தப் பாலத்தில் மனிதர்கள் ஒரு பக்கம் நடக்க, அருகிலேயே கால்வாய்த் தண்ணீர் தொட்டியில் ஓடுகிறது. கீழே 115 அடி ஆழத்தில் பரளியாறு. ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக் கொண்டுபோய் வயல்களுக்குக் கொடுக்கும் வித்தை அது. பொறியியல் மாணவர்கள் ஒரு மணி நேரமாவது அங்கே நிற்க வேண்டும்.

மூக்கன் துரையின் அணை

அருவியில் விழும் தண்ணீருக்கு மேலே ஒரு சாவி இருக்கிறது. அதுதான் பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்டது. வேலையை நடத்தியவர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர். ஊர்மக்கள் அவரை ‘மூக்கன் துரை’ என்று அழைத்தார்கள். அவருடைய கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. தான் கட்டிய அணையைக் காவல் காத்துக்கொண்டு படுத்திருக்கிறார் போலும்!

அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி. மழைக்காலத்தில் மாவட்டத்து மக்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடுவது இந்த எண்ணைத்தான். உழவர் பார்ப்பது விதைப்புக்காக. ஆற்றோரத்தில் குடியிருப்பவர் பார்ப்பது பாதுகாப்புக்காக. நீர்மட்டம் அபாய அளவை நெருங்கினால் உபரி நீர் திறக்கப்படும். அந்த நீர் கோதையாற்றில் இறங்கி நேராகத் திற்பரப்புக்கு வருகிறது. அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் மலையில் பெய்த மழை அணை வழியாக வந்து சேரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளித் தாரைகள் செந்நிற வெள்ளமாக மாறிவிடும்.

2021 நவம்பரில் மாவட்டம் முழுவதும் பெருமழை கொட்டியபோது, கோதையாற்றில் பாய்ந்த வெள்ளம் அருவிக்கரையையே மூழ்கடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். ‘இத்தனை தூரம் வந்தும் குளிக்க விடவில்லையே’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. காவலுக்கு நிற்பவரின் கண்ணை மறைத்துவிட்டு, வேலிக்கு அப்பால் ஆற்றில் இறங்குகிறவர்களும் உண்டு. கோதையாற்றின் பாறைகளில் வழுக்கி விழுந்து மீளாதவர்களின் பெற்றோர் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பாசி பிடித்த பாறைக்கு நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேதம் கிடையாது. ‘போதும்லே, வழுக்கும்’ என்று சொல்லும் நண்பனே நல்ல நண்பன்.

தண்ணீருக்கு உரியவர்கள்

திற்பரப்பில் வந்து விழும் நீர் குளிப்பவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தடுப்பணையில் ஒரு பங்கு வயலுக்குப் போகிறது. கீழே போகும் நீர் மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் கலக்கிறது. வழியில் எத்தனையோ ஊர்களின் தாகத்தைத் தீர்க்கிறது. ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலியிட மக்கள் திரள்வதும், அதையொட்டி வாவுபலிப் பொருட்காட்சி நடப்பதும் இதே தண்ணீரின் கரையில்தான்.

மேலே ஒருவர் வீசி எறியும் சோப்பு உறையும், எண்ணெய்ப் பாக்கெட்டும், உடைந்த பாட்டிலும் கீழே இன்னொருவரின் காலடியில் போய்ச் சேரும். சிவராத்திரி இரவில் செருப்பில்லாமல் ஓடி வரும் கோவிந்தன்மார் இந்த ஆற்றில்தான் இறங்குகிறார்கள். பாறை இடுக்கில் கிடக்கும் ஒரு கண்ணாடித் துண்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டத்தைத் திற்பரப்போடு முடித்துவிடப் போதுமானது.

ஓடுகிறவனுக்கு விரதம், உழவனுக்குத் தண்ணீர் முறை, சாலை மாணவனுக்குச் செப்பேட்டு விதி. உல்லாசத்துக்கு வருகிறவனுக்கும் மூன்றே மூன்று விதிகள் போதும். தடை விதித்த நாளில் தண்ணீரில் இறங்குவதில்லை. மது அருந்திவிட்டுப் பாறையில் கால் வைப்பதில்லை. கொண்டுபோன குப்பையைக் கையோடு திரும்ப எடுத்து வருவது. ஒவ்வொரு கல்லூரியும் சுற்றுலாவுக்கு மாணவர்களை அனுப்பும்போது இந்த மூன்றையும் சொல்லி அனுப்பினால், பல வீடுகளின் கண்ணீர் மிச்சமாகும்.

நாகர்கோவிலிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது திற்பரப்பு. குலசேகரம் வழியாகப் போகலாம். மழைக்குப் பின் வெள்ளம் தணிந்து, தண்ணீர் தெளிந்து விழும் நாட்களே குளிக்க ஏற்றவை. புறப்படும் முன் அன்றைய செய்தித்தாளில் பேச்சிப்பாறையின் நீர்மட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.